பதிவேட்டில் இல்லாத கட்டம்

அன்புள்ள ஐயா,

என் மகள் கிருஷ்ணகிரியில் விடுதியில் தங்கிக் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். இரண்டு அரியர் விழுந்ததிலிருந்து போன் செய்தால் "ம்" என்பதோடு சரி. கல்லூரியில் மாணவர் ஆலோசகர் இருக்கிறார், போய்ப் பார்க்கட்டும் என்கிறார் அவள் பேராசிரியை. நாளை வரன் பார்க்கும்போது இது பேச்சாகுமோ என்று பயமாக இருக்கிறது. நம் காலத்தில் இதெல்லாம் இல்லாமலேயே படித்து வந்தோமே? அனுப்பலாமா, வீட்டுக்கே அழைத்து வந்துவிடலாமா?

ஒரு வாசகர், பாலக்கோடு

அன்புள்ள நண்பருக்கு,

அனுப்புங்கள். வரன் விஷயத்துக்குப் பதில் சொல்ல மாட்டேன். பிள்ளை சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று விசாரிக்க வேண்டிய நேரத்தில் உங்களுக்கு அந்த யோசனை வந்ததே, அதற்குத் திட்டத்தான் முடியும்.

"நம் காலத்தில்" என்றீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குச் சண்டை. இதைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே மனதுக்குள் பொருமிக்கொண்டிருந்தேன், நீங்கள் வந்து மாட்டினீர்கள். தருமபுரியில் நான் அரசு விடுதியில் இருந்தபோது, சித்தேரி மலையிலிருந்து வந்த ஒருவன் பக்கத்துப் பாயில் படுப்பான். கணக்கில் புலி. ஆங்கிலத்தில் நடத்திய பாடம் ஒன்றும் ஏறவில்லை. விளக்கணைத்த பிறகும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பான். கேட்டால், "தூக்கம் வரலடா". பொங்கலுக்கு ஊருக்குப் போனவன் திரும்பவில்லை. வார்டன் வருகைப் பதிவேட்டில் அவன் பெயர் மேல் ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்தார். ஓரத்தில் "நின்றுவிட்டார்" என்று எழுதினார். ஏன் நின்றான் என்று எழுத அதில் கட்டமே கிடையாது. பெங்களூரில் சென்ட்ரிங் வேலைக்குப் போய்விட்டான் என்று அப்புறம் சொன்னார்கள்.

இப்படிப் போனவர்களையெல்லாம் கழித்துவிட்டு, மிச்சமிருந்த நாம் பழைய மாணவர் கூட்டத்தில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டே "எங்களுக்கு மனவலிமை இருந்தது" என்கிறோம். படித்து வந்தவனைத்தானே நீங்கள் பார்க்கிறீர்கள்?

100 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிறுவனத்தில் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவராவது இருந்தாக வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்லது. ஆனால் ஆளைப் போட்டால் முடிந்ததா? மாலை நாலு முதல் ஐந்து வரை என்று கதவில் ஒட்டினால், பென்னாகரம் பஸ்ஸுக்கு ஓடுகிற பிள்ளை எப்போது போவாள்? முதல்வர் அறைக்கு எதிரிலேயே அந்த அறை இருந்தால் எவன் நுழைவான்? சில இடங்களில் பாடம் நடத்துகிறவர் தலையிலேயே "கூடுதல் பொறுப்பு" என்று கட்டிவிடுகிறார்கள். இன்டர்னல் மார்க் போடுகிறவரிடம் யார் மனம்விட்டு அழுவார்கள்? உங்கள் பேராசிரியை தனியாக ஓர் ஆலோசகரைக் காட்டுகிறார். அது உங்கள் மகளின் அதிர்ஷ்டம்.

சரி, உங்கள் கேள்வி. படிப்பை நிறுத்துவது பற்றி இப்போது முடிவெடுக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். அரியரைப் பற்றி வாயே திறக்க வேண்டாம், அடுத்த செமஸ்டரில் எழுதிக்கொள்வாள். 14416 என்ற மனநல உதவி எண்ணை அவள் போனில் பதிந்து கொடுங்கள். நம் மாநிலத்தில் "நட்புடன் உங்களோடு" என்ற பெயரில் இந்தச் சேவை 2022 முதல் நடக்கிறது. இரவு இரண்டு மணிக்கும் தமிழில் பேசலாம், காசு இல்லை. வாழப் பிடிக்கவில்லை என்ற மாதிரி ஒரு வார்த்தை வந்தாலும் அவளைத் தனியாக விடாதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். அந்த எண்ணில் நீங்களும் பேசலாம். முதலில் நீங்கள் பேசுவது நல்லது என்றே எனக்குத் தோன்றுகிறது.