பித்தம் அதிகம், ஆனால் லிவர் டெஸ்ட் நார்மல்: எது சரி?

சித்த மருத்துவர் பித்தம் அதிகம் என்கிறார், லிவர் டெஸ்ட் நார்மல் என்று வந்திருக்கிறது, எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் சரியாக இருக்கலாம். சித்த மருத்துவர் சொன்ன பித்தமும் லிவர் சுரக்கும் பித்தநீரும் ஒரே பொருள் அல்ல. குழப்பத்துக்குக் காரணம் அந்தப் பொதுப் பெயர்தான்.

சித்த மருத்துவத்தில் பித்தம் ஐந்து வகை. அவற்றில் அனற்பித்தம் செரிமானத்துக்கு, ஆலோசகம் பார்வைக்கு, பிராசகம் தோலின் ஒளிக்கு. கண்ணுக்கும் தோலுக்கும் பித்தநீர் போய் வேலை செய்வதில்லையே! ஆக, அது திரவத்தின் பெயரைவிட சூடு, செரிமானம், நிறமாற்றம் போன்ற வேலைகளின் தொகுப்பு. லிவர் டெஸ்டில் ஒரு பகுதியான பிலிருபின் டெஸ்ட் அளப்பதோ, ரத்தத்தில் உள்ள, பித்தநீருக்கு நிறம் தரும் ஒரேயொரு நிறமியை.

காலையில் வாய் கசப்பு, நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம் என்று எழுதியிருக்கிறீர்கள். என் ஊகம், இரைப்பை அமிலம் மேலேறுகிறது. லிவர் டெஸ்டில் இது தெரியவே தெரியாது.

ஒரு வாரம் இதைச் செய்து பாருங்கள்:

1. இரவு சாப்பிட்டு 3 மணி நேரம் கழித்தே படுங்கள்.
2. எரிச்சல் வரும் நேரத்தைக் குறித்து வையுங்கள். குனிந்தால், படுத்தால் கூடுகிறதா என்பது முக்கியம்.

கூடினால் அமிலம்தான் காரணம் என்ற சந்தேகம் வலுக்கும். அப்புறம் டாக்டரிடம் அந்தக் குறிப்பையே காட்டுங்கள்.

'வாதம் நரம்பு, பித்தம் ஹார்மோன், கபம் சளி' என்று சுற்றும் அட்டவணைகளை நம்பி மருந்து வாங்க வேண்டாம். அவை ஒப்புமை மட்டுமே, நிரூபணம் இல்லை. கண் மஞ்சளாவது, மலம் கருப்பாவது, விழுங்கச் சிரமம், எடை குறைவது, இதில் ஒன்று இருந்தாலும் ஒரு வாரமெல்லாம் காத்திருக்காதீர்கள். நெஞ்சில் அழுத்தமோ மூச்சுத்திணறலோ வந்தால் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.