ஹேண்ட்பிரேக் போடவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன், இப்போது ரீகால் கடிதம் வந்திருக்கிறது

கேள்வி: கோவையில் வசிக்கிறேன். 2023-இல் 13.4 லட்சம் கொடுத்து ஆட்டோமேட்டிக் கார் வாங்கினேன். 2025 ஜூன் 14 அன்று கோத்தகிரியில் உறவினர் வீட்டு வாசலில், சரிவில் வண்டியை நிறுத்தி, கியரை ‘பி’யில் (பார்க்கிங் நிலை) போட்டு அணைத்துவிட்டு இறங்கினோம். வண்டி பின்னால் உருண்டு மாமியாரை மதிற்சுவரோடு சேர்த்து இடித்துவிட்டது. தொடை எலும்பு முறிந்து, ஆபரேஷனுக்குக் கையிலிருந்து 2.85 லட்சம் செலவானது. காரை இன்சூரன்ஸில் சரிசெய்துகொண்டோம். அந்த பில்லில் ‘கியர் கேபிள் அட்ஜஸ்ட் செய்தது’ என்று ஒரு வரி இருக்கிறது. நவம்பரில் கார் நிறுவனத்திடமிருந்து ரீகால் கடிதம் வந்தது: கியர் கேபிள் நுனியில் உள்ள புஷ் (கேபிளைக் கியர்பாக்ஸோடு பிடித்து வைக்கும் சிறு பாகம்) உடையக்கூடுமாம், இலவசமாக மாற்றித் தருவார்களாம். ஷோரூம் மேலாளரோ, தப்பு முழுக்க என்னுடையது என்று எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார். 17 மெயில் அனுப்பிய பிறகு 40,000 ரூபாயும் 2 வருட கூடுதல் வாரண்டியும் தருகிறோம் என்கிறார்கள். எனக்குக் காரின் முழு விலையும் வேண்டும். அதுவரை வண்டியை அவர்களிடம் விடப்போவதில்லை. இப்போது மனைவிதான் தினமும் ஓட்டுகிறார். பின்குறிப்பு: இன்சூரன்ஸ் க்ளெய்ம் ஃபார்மில் ‘ஹேண்ட்பிரேக் போட மறந்துவிட்டேன்’ என்று எழுதச் சொன்னார்கள், எழுதிக் கொடுத்தேன். அதனால் ஏதாவது பாதிப்பு வருமா?

பதில்: நீங்கள் பின்குறிப்பில் எழுதியதுதான் உங்கள் வழக்கு. மேலாளர் சத்தம் போட்டது, 17 மெயில் போட்டது எல்லாம் உங்களுக்கு வலிதான். ஆனால் அவற்றை வைத்து எந்த நுகர்வோர் ஆணையமும் ஒரு ரூபாய்கூடக் கூட்டித் தராது. மனுவில் அவற்றுக்கு இரண்டு வரி போதும்.

காரின் முழு விலை என்ற எண்ணத்தையும் முதலிலேயே விட்டுவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் ரீகால் பற்றிய 110ஏ பிரிவில் பணத்தைத் திருப்பித் தருவது பற்றி இருக்கிறது, உண்மைதான். அதே பிரிவில் வேறு வண்டி தருவதும் பழுது பார்த்துத் தருவதும் ‘அல்லது’ போட்டுச் சொல்லப்பட்டிருக்கின்றன. எது வேண்டும் என்று வாங்கியவர் தேர்ந்தெடுக்கலாம் என அதில் எங்கும் இல்லை. கிளட்ச் பழுதான ஒரு கார் வழக்கில் 2006-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: வாரண்டிப்படி கம்பெனியின் கடமை பழுதான பாகத்தை மாற்றித் தருவது, முழுக் காரையும் மாற்றுவது அல்ல. உங்கள் புஷ் உள்ளங்கையில் அடங்கும் ஒரு பாகம். அதைக் காட்டி 13.4 லட்சம் கேட்டால், கொடுக்க வேண்டியதையும் கொடுக்காமல் வருஷக்கணக்கில் இழுக்க அவர்களுக்கு நீங்களே வழி செய்து கொடுக்கிறீர்கள்.

சரி, ஹேண்ட்பிரேக்குக்கு வருகிறேன். இந்த மாதிரிப் பழுதில் நடப்பது இதுதான். புஷ் உடைந்தால் கேபிள் கியர்பாக்ஸிலிருந்து கழன்றுகொள்ளும். உள்ளே இருக்கும் லீவர் ‘பி’யைக் காட்டும், கியர்பாக்ஸோ ‘பி’க்குப் போயிருக்காது. 2022-இல் அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் சுமார் 29 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது இதே மாதிரி ஒரு புஷ்ஷுக்காகத்தான். சரிசெய்யும்வரை நிறுத்தும்போதெல்லாம் ஹேண்ட்பிரேக் போடுங்கள் என்றுதான் அங்கே உரிமையாளர்களுக்குச் சொன்னார்கள். உங்கள் காரோடு தந்த கையேட்டையும் எடுத்துப் பாருங்கள், சரிவில் நிறுத்தினால் ஹேண்ட்பிரேக் போடச் சொல்லி நிச்சயம் ஒரு வரி இருக்கும். கம்பெனி வக்கீல் அந்தப் பக்கத்தையும் உங்கள் க்ளெய்ம் ஃபார்மையும் சேர்த்து வைத்துத்தான் வாதத்தைத் தொடங்குவார்.

இதில் என் கட்சிக்காரர் ஒருவர் விழுந்த குழியைச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்களும் அதன் விளிம்பில்தான் நிற்கிறீர்கள். அவருக்கும் வண்டி உருண்டது, அவரும் க்ளெய்ம் சீக்கிரம் பாஸாகட்டும் என்று ‘ஹேண்ட்பிரேக் போடவில்லை’ என எழுதிக் கொடுத்திருந்தார். என்னிடம் வரும் முன்பே, வேறொருவர் எழுதித் தந்த மனுவில் ‘ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டுத்தான் இறங்கினேன்’ என்று சத்தியம் செய்து தாக்கல் செய்துவிட்டார். எதிர்தரப்பு இன்சூரன்ஸ் கம்பெனியிடமிருந்து ஃபார்மின் நகலை வரவழைத்தது. அதன்பிறகு பாகம் உடைந்ததா இல்லையா என்ற பேச்சே எழவில்லை. இவர் எப்போது பொய் சொன்னார், அன்றா இன்றா என்பது மட்டும்தான் கேள்வியாக நின்றது. பாகம் உடைந்திருந்ததற்கு ஒர்க்‌ஷாப் பேப்பரே இருந்தும் மனு தள்ளுபடியானது. அந்த ஃபைலை மூடிய நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அதனால் எழுதியதை மறுக்காதீர்கள். ‘வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கினார்கள்’ என்றும் சொல்லாதீர்கள், படித்தவர் சொன்னால் அது எடுபடாது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதி க்ளெய்ம் ஃபார்ம், சர்வேயர் அறிக்கை இரண்டின் நகலையும் முதலில் வாங்குங்கள். ஹேண்ட்பிரேக் உண்மையிலேயே போடவில்லை என்றால் மனுவிலும் அப்படியே சொல்லுங்கள். சொல்லிவிட்டு, இதையும் சேருங்கள்: ஜூனில் எனக்கு இந்தப் பழுதைப் பற்றி எதுவும் தெரியாது, நவம்பரில்தான் கம்பெனியே சொன்னது, வண்டி ஏன் உருண்டது என்று யோசித்தபோது அன்றைக்கு எனக்குத் தெரிந்த காரணத்தை எழுதினேன். தேதிகள் உங்கள் பக்கம் இருப்பதால் இந்த விளக்கம் நிற்கும். ஹேண்ட்பிரேக் இல்லாவிட்டாலும் ‘பி’ வண்டியைப் பிடித்து நிறுத்தியிருக்க வேண்டும் என்று வாதாடலாம். இழப்பீட்டில் ஒரு பங்கு குறையும், அதற்குத் தயாராக இருங்கள்.

உங்கள் கையில் உள்ள நல்ல ஆவணம், கியர் கேபிள் வரி உள்ள அந்த ஜூன் ரிப்பேர் பில். ரீகால் வருவதற்கு 5 மாதம் முன்பே, அவர்கள் ஒர்க்‌ஷாப்பே கேபிளைத் தொட்டிருக்கிறது என்று அது சொல்கிறது. அசலைப் பத்திரப்படுத்துங்கள், அந்த நாளின் ஜாப் கார்டு (செய்த வேலைகளை எழுதி வைக்கும் தாள்) நகலையும் கேளுங்கள். ரீகால் கடிதம் மட்டும் போதாது. ‘உடையக்கூடும்’ என்பதுதான் அதில் இருப்பது, உங்கள் வண்டியில் உடைந்தது என்று அது சொல்லவில்லை.

அப்புறம், வண்டியை விடமாட்டேன் என்ற பிடிவாதம். உடனே நிறுத்துங்கள். பழுது இருக்கிறது என்று எழுத்தில் தெரிந்த பிறகும் உங்கள் மனைவி அதை ஓட்டுகிறார். நாளை இன்னொருவர் மேல் உருண்டால் கம்பெனி உங்கள் பக்கம்தான் கைகாட்டும். அதைவிட, உங்கள் மாமியார் பட்டதை இன்னொருவரும் பட வேண்டுமா? இந்த வாரமே வண்டியைக் கொடுக்கத் தேதி குறியுங்கள். ஆனால் சும்மா சாவியை நீட்டிவிட்டு வராதீர்கள். ரீகாலில் கழற்றிய பாகம் பொதுவாகக் கம்பெனிக்குத் திரும்பிப் போய்விடும், போனால் உங்கள் சாட்சியமும் போனது. 7 நாள் முன்னதாக எழுத்தில் தெரிவித்து, ஒரு ஆட்டோமொபைல் இன்ஜினீயரைக் கூட்டிக்கொண்டு போங்கள். கழற்றும் முன்னும் பின்னும் படம் எடுங்கள். பாகத்தைக் கேளுங்கள், தர மறுத்தால் மறுத்ததையும் பாகத்தின் நிலையையும் ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். டெலிவரி எடுக்கும்போது நீட்டும் ‘முழுத் திருப்தி’ தாளில் ‘ரீகால் வேலைக்கு மட்டும், ஜூன் 14 விபத்து குறித்த உரிமைகள் அப்படியே உள்ளன’ என்று உங்கள் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

இன்னொரு விஷயம், மனுதாரர் நீங்கள் மட்டும் இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருளால் வரும் பொறுப்பு என்ற அத்தியாயம், பாதிக்கப்பட்டவர் தனக்கு நேர்ந்த தீங்குக்குக் கேட்பதற்கானது. அந்தப் பொருளுக்கே வந்த சேதம் அந்தத் தீங்கில் சேராது என்றும் அது சொல்கிறது. கால் முறிந்தது உங்கள் மாமியாருக்கு. அவர் பெயரில்தான் அந்தக் கோரிக்கை போக வேண்டும். கால வரம்பு 2 ஆண்டு. ரீகால் கடிதத் தேதியிலிருந்து எண்ணலாம் என்று நம்பி இருக்காதீர்கள், விபத்து நாளிலிருந்தே எண்ணி 2027 ஜூன் தொடக்கத்துக்குள் தாக்கல் செய்யுங்கள். மெயில் போக்குவரத்தால் அந்தக் கெடு நீளாது.

ஆனால் அதுவரை போக வேண்டாம் என்பதே என் யோசனை. பாகத்தைப் பரிசோதிக்க வேண்டிய புகாரை 5 மாதத்தில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். வாய்தாக்களைப் பார்த்த யாரும் அதை நம்ப மாட்டார்கள், மேலே இரண்டு அப்பீல் வேறு இருக்கிறது. உங்கள் பக்கம் ஜூன் பில், அவர்கள் பக்கம் க்ளெய்ம் ஃபார்ம். இந்த நிலையில் 40,000 குறைவுதான், 13.4 லட்சமோ நடக்காது. ஆஸ்பத்திரிச் செலவு 2.85 லட்சம், பிசியோதெரபி, வீட்டில் ஆள் வைத்த செலவு, மாமியார் பட்ட வேதனைக்கு ஒரு தொகை என்று பில்களோடு வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். 3.5 லட்சம் வந்தால் முடித்துக்கொள்ளுங்கள். கூடுதல் வாரண்டியைத் தொகையில் கழிக்க விடாதீர்கள்.

ஒப்பந்தத்தில் மாமியார் தானே படித்துக் கையெழுத்திட வேண்டும், அவருக்காக நீங்கள் போட முடியாது. ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற வரி நிச்சயம் இருக்கும். காலில் பிளேட் வைத்திருந்தால் அதை எடுக்க இன்னொரு ஆபரேஷன் தேவைப்படுமா என்று எலும்பு டாக்டரிடம் எழுத்தில் வாங்கி, அந்தச் செலவையும் தொகையில் சேர்த்த பிறகு கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.