ஆர்க்கிட் வேர் பிடிக்கவில்லை: கடல்பாசிச் சாறு எப்போது, எவ்வளவு?

கேள்வி: நிழல்வலைக் கூடத்தில் 300 தொட்டி டெண்ட்ரோபியம் ஆர்க்கிட் வைத்திருக்கிறேன். தேங்காய் மட்டைத் துண்டில் நட்டு மூன்று வருடமாகிறது. இலை பச்சையாகத்தான் இருக்கிறது, ஆனால் தண்டு சுருங்குகிறது, செடியைத் தொட்டால் பிடிப்பில்லாமல் ஆடுகிறது. காலை, மாலை இரண்டு வேளையும் தண்ணீர் விடுகிறேன். வேர் வர வேண்டும் என்று கடல்பாசிச் சாறு, ஹியூமிக் அமிலம், வைட்டமின் பி1, வேர் ஊக்கிப் பவுடர், வேம் (VAM என்ற வேர்ப் பூஞ்சை உரம்) எல்லாம் வாங்கி வைத்துவிட்டேன். எதை முதலில் கொடுப்பது, எந்த அளவில்?

பதில்: வாங்கியதை எல்லாம் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். முதலில் ஆடுகிற செடிகளில் நாலைந்தைத் தொட்டியோடு கவிழ்த்து வேரைப் பாருங்கள். ஒரு வேரை இரண்டு விரலால் பிடித்து லேசாக அழுத்தி இழுங்கள். உயிருள்ள வேர் கெட்டியாக இருக்கும், காய்ந்திருந்தால் வெள்ளி நிறம், நனைத்தால் கொஞ்ச நேரத்தில் பச்சை தட்டும். செத்த வேர் பழுப்பாக, உள்ளே ஒன்றுமில்லாமல் நசுங்கும், மேல் உறை விரலோடு கழன்று வந்து உள்ளே இருக்கும் நார் மட்டும் தொங்கும். உங்கள் தொட்டிகளில் பெரும்பாலும் இரண்டாவது வகைதான் இருக்கும் என்று நினைக்கிறேன், காரணம் நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது: மூன்று வருட மட்டை, தினம் இரண்டு வேளை தண்ணீர்.

தண்டு சுருங்கினால் தண்ணீர் போதவில்லை என்றுதான் யாருக்கும் தோன்றும், உடனே இன்னும் கொஞ்சம் ஊற்றுவோம். ஆனால் இங்கே தண்ணீர் இருக்கிறது, குடிக்கத்தான் வேர் இல்லை. டெண்ட்ரோபியம் மரக்கிளையில் ஒட்டி வளர்கிற இனம். அதன் வேரைச் சுற்றி வெலாமென் என்று செத்த செல்களால் ஆன பஞ்சு உறை ஒன்று உண்டு, மழை பட்டதும் அது நீரையும் சத்தையும் சட்டென்று உறிஞ்சிவிட்டு அப்புறம் காற்றில் உலர்ந்துவிடும். நனைவதும் உலர்வதும் மாறி மாறி நடந்தால்தான் அந்த வேருக்கு நல்லது. மக்கிக் கூழான மட்டைக்குள் எந்நேரமும் ஈரத்தில் கிடந்தால் காற்றில்லாமல் அழுகிவிடும், அங்கே எந்தச் சாற்றை ஊற்றினாலும் அழுகுவதற்கு ஒரு தீனி கூடுதலாகப் போகிறது, அவ்வளவுதான்.

ஆகவே முதல் வேலை மறுநடவு. ஆனால் 300 தொட்டியையும் ஒரே மூச்சில் பிரித்துப் போடாதீர்கள். டெண்ட்ரோபியத்தில் புது வேர் பழைய தண்டிலிருந்து அபூர்வமாகத்தான் வரும், அந்த வருடத்துப் புதுக்குருத்தின் தூரிலிருந்துதான் வரும். குருத்து கொஞ்சம் உயர்ந்து, அதன் அடியில் பச்சையாகவோ வெளிர் சிவப்பாகவோ சின்னச் சின்ன முளைகள் முட்டிக்கொண்டு தெரியும், அரிசி அளவுகூட இருக்காது, கண்ணைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். மாற்ற அதுதான் நேரம். அதற்கு முன்னால் மாற்றினால் செடி மாதக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருக்கும், வேர் நீண்ட பிறகு மாற்றினால் நுனி ஒடிந்துவிடும், ஒடிந்த நுனி திரும்ப வளராது, பின்னாலிருந்து கிளைவிட்டால்தான் உண்டு. முழுதாக அழுகிப்போனவற்றுக்கு மட்டும் இந்தக் காத்திருப்பு வேண்டாம், இன்றே எடுங்கள்.

செத்த வேரை வெட்டி எறியுங்கள், ஒவ்வொரு செடிக்கும் கத்தரியைத் தீயில் காட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வைரஸ் ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்குப் போகும். கரித்துண்டும் ஓட்டுச் சில்லும் பெரிய துண்டாகப் பாதிக்கு மேல் போட்டு, மீதிக்குப் புது மட்டை. தூர் மேலே தெரிய வேண்டும், புதைக்கக் கூடாது. குச்சி ஊன்றிச் செடியை அசையாமல் கட்டுங்கள். பலரும் இதை அலட்சியமாக விடுகிறார்கள், செடி ஆடினால் புதுவேரின் நுனி தொட்டியில் உரசி உரசியே கருகிவிடும். வேர் இல்லாத செடியில் பூங்கொத்து வந்தால் கிள்ளிவிடுங்கள், மனசு கேட்காதுதான்.

இப்போது கடல்பாசிக்கு வருவோம். இதை நான் ஒதுக்கவில்லை, உங்கள் பட்டியலில் உருப்படியான பொருள் இதுதான். அஸ்கோஃபில்லம், எக்லோனியா, காப்பாஃபைகஸ் என்று வெவ்வேறு பாசியிலிருந்து எடுக்கிறார்கள், ஆகவே ஒரு பாட்டிலின் அளவை இன்னொன்றுக்கு அப்படியே போடக் கூடாது. உரம் என்று பார்த்தால் கொஞ்சம் பொட்டாஷ் தவிர அதில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. வேலை செய்வது ஆக்சின், சைட்டோகைனின் என்ற வளர்ச்சி ஊக்கிகளும் ஆல்ஜினேட், மன்னிடால், பீட்டெயின் போன்ற பொருள்களும் சேர்ந்துதான். சாற்றிலிருக்கும் ஊக்கியின் அளவு மிகக் குறைவு, செடி தானே சுரக்கும் ஊக்கிகளை அது தூண்டியும் மாற்றியும் விடுவதும் பலனில் ஒரு பங்கு. ஆக்சின் ஓங்கினால் வேர், சைட்டோகைனின் ஓங்கினால் குருத்து என்பதை ஸ்கூக், மில்லர் என்ற ஆய்வாளர்கள் 1957-லேயே புகையிலைத் திசுவில் காட்டிவிட்டார்கள். வேருக்காக வாங்கும்போது எக்லோனியா சாற்றை விரும்புவதற்குக் காரணம் அதில் ஆக்சின் பங்கு கூடுதல் என்பதுதான்.

அளவு: பாட்டிலில் போட்டிருப்பதே உச்சவரம்பு. பொதுவாகத் திரவமாக இருந்தால் லிட்டருக்கு 1 முதல் 2 மில்லி, 15 நாளைக்கு ஒரு தடவை போதும். மறுநடவின்போது செடியை இந்தக் கரைசலில் 10 நிமிடம் முக்கி எடுத்து நடலாம். அதன்பின் காலையில், வேரும் தூரும் நனையும்படி. முளை எட்டிப் பார்க்கும் நாளிலிருந்து வேர் மட்டையைப் பற்றிக்கொள்கிற வரைக்கும்தான் இது தேவை, வருடம் முழுக்க ஊற்ற வேண்டாம். அதிகம் கொடுத்தால் சீக்கிரம் வேர் வரும் என்று நினைத்து லிட்டருக்கு 10 மில்லி ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆக்சின் மிஞ்சினால் வேர் நீளாது, நுனி குட்டையாகத் தடித்து நின்றுவிடும், தொட்டியெல்லாம் பச்சைப்பாசி படர்வது தனித் தொல்லை. கலந்த கரைசலை அன்றே தீர்த்துவிடுங்கள். பாட்டில் உப்பிக்கொண்டு, வழக்கமான கடல் வாடை போய் அழுகல் நாற்றம் அடித்தால் கொட்டிவிடுங்கள். இன்னொன்று, பல சாறுகள் காரத்தில் வேகவைத்து எடுத்தவை, பி.எச். அதிகம், பூஞ்சண மருந்தோடு ஒரே டேங்கில் கலக்காதீர்கள்.

மற்றவை. வைட்டமின் பி1 வேருக்கு நல்லது என்ற பேச்சு 1930-களில் பட்டாணி வேரை மட்டும் வெட்டிக் கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்த்த சோதனைகளிலிருந்து கிளம்பியது. இலையுள்ள முழுச்செடி பி1-ஐத் தானே தயாரித்துக்கொள்ளும். வீண். ஹியூமிக் மண்ணுக்கு நல்லது, கரியும் ஓடும் நிறைந்த தொட்டியில் பெரும்பகுதி அடித்துளை வழியாக ஓடிவிடும். வேர் ஊக்கிப் பவுடர் வெட்டிய குச்சியின் அடியில் தொட்டு நடுவதற்கானது, ஆர்க்கிட் வேரில் தூவாதீர்கள். வேம் பூஞ்சை ஆர்க்கிட் வேருக்குள் குடியேறவே செய்யாது, ஆர்க்கிட்டோடு சேர்வது டுலாஸ்னெல்லா மாதிரி முற்றிலும் வேறு பூஞ்சைக் கூட்டம், ஆகவே அந்தப் பாக்கெட்டை மிளகாய்ப் பாத்திக்குப் போட்டுவிடுங்கள், அங்கே பலன் உண்டு.

நீங்கள் வாங்காமல் விட்ட ஒன்று கால்சியம். வேர்நுனியில் புதுச் செல் உருவாகக் கால்சியம் வேண்டும், அது பழைய இலையிலிருந்து நகர்ந்து வேருக்கு வராது, நுனியிலேயே கிடைக்க வேண்டும். தேங்காய் மட்டையோ கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு சோடியத்தையும் பொட்டாசியத்தையும் வெளியே விடும். அதனால் புது மட்டையை இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கறைத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கடைசியில் லிட்டருக்கு 2 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்த தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்து அலசிப் போடுங்கள். வேர் ஓடத் தொடங்கியதும் ஒரு வாரம் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து சமமாக உள்ள உரம்) லிட்டருக்கு அரை கிராம், மறுவாரம் கால்சியம் நைட்ரேட் அரை கிராம். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் பாஸ்பேட்டோடு சேர்ந்து வெள்ளையாகத் திரிந்து அடியில் தங்கிவிடும். வேருக்கு மணிச்சத்து என்று டி.ஏ.பி. கரைத்து ஊற்றச் சொல்வார்கள், வேண்டாம். ஆழ்துளைத் தண்ணீர் என்றால் இ.சி. (தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் அளவு) பார்த்துக்கொள்ளுங்கள், உரம் சேர்த்த பிறகும் 1 mS/cm-க்குள் இருக்க வேண்டும், மீறினால் வேர்நுனி கருகும். மாதம் ஒரு நாள் வெறும் தண்ணீரைத் தாராளமாக ஊற்றி உப்பைக் கழுவிவிடுங்கள்.

தண்ணீரை மட்டை உலரத் தொடங்கிய பிறகுதான் விட வேண்டும், அது தினமும் ஒரு வேளையாக இருக்கலாம், ஒரு நாள் விட்டு ஒரு நாளாகவும் இருக்கலாம், கூடத்துக் காற்றைப் பொறுத்தது. மாலையில் வேண்டாம், இரவெல்லாம் தூரில் நீர் நிற்கும். வேரில்லாத செடிகளைக் கொஞ்ச நாள் கூடுதல் நிழலில் வைத்து, நடுப்பகலில் தரையை நனைத்துக் காற்றில் ஈரம் ஏற்றிக்கொண்டால் தண்டு மேலும் சுருங்காமல் நிற்கும்.

எல்லாத் தொட்டிக்கும் கடல்பாசி கொடுக்காதீர்கள். ஒரே வரிசையில், ஒரே நாளில் மாற்றிய 40 தொட்டியில் 20-க்குச் சாறு, மற்ற 20-க்கு வெறும் தண்ணீர் என்று குறிச்சொருகி வைத்து, இரண்டு மாதம் கழித்து வேரின் எண்ணிக்கையையும் நீளத்தையும் அளந்து எழுதுங்கள். வித்தியாசம் இல்லையென்றால் அடுத்த பாட்டில் வாங்க வேண்டியதில்லை.