அண்ணன் கைத்துப்பாக்கியைக் காரில் கொண்டுவந்து தரலாமா?

கேள்வி: நான் நியூஜெர்சியில் கிரீன் கார்டில் இருக்கிறேன், மனைவிக்கு எச்-1பி வேலை விசா. பக்கத்து வீட்டில் திருட்டு நடந்ததிலிருந்து பயமாக இருக்கிறது. பென்சில்வேனியாவில் இருக்கும் அண்ணன், தன் பெயரில் ஒரு கிளாக் 19 கைத்துப்பாக்கி வாங்கி அடுத்த வாரம் வரும்போது கொண்டுவருவதாகச் சொல்கிறார், பணம் நான் கொடுத்துவிடுவேன். தப்பில்லையே?

பதில்: தப்புதான். அண்ணனிடம் இன்றைக்கே போன் போட்டு வேண்டாம் என்று சொல்லுங்கள்.

1968-ம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, வேறு மாநிலத்தில் இருப்பவருக்கு ஒரு தனிநபர் துப்பாக்கியை நேரடியாகக் கொடுக்கக் கூடாது, வாங்குபவரும் அதைத் தன் மாநிலத்துக்குக் கொண்டுவரக் கூடாது. ஐந்து வருடம் வரை சிறை உண்டு. 'கூடப் பிறந்தவர்தானே' என்று எல்லோரும் கேட்பார்கள். சட்டத்தில் சொந்தபந்தத்துக்கு விலக்கு இல்லை, இறந்தவரின் சொத்தாக வந்தால் விலக்கு உண்டு. நீளத் துப்பாக்கி (ரைபிள், ஷாட்கன்) என்றால், இரண்டு மாநிலச் சட்டமும் இடம் கொடுத்தால், வெளிமாநிலக் கடையில் நேரில் வாங்கலாம். கைத்துப்பாக்கிக்கு அதுவும் கிடையாது.

இதைவிட எனக்குக் கவலை தருவது, உங்கள் பணத்தில் அவர் பெயரில் வாங்குவது. கடையில் அண்ணன் நிரப்பும் 4473 பாரத்தில் 'உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா' என்று ஒரு கேள்வி இருக்கும், அங்கே 'ஆம்' என்று போட்டால் பொய் சொன்ன குற்றம். அப்ராம்ஸ்கி வழக்கில் நடந்ததும் இதுதான். வர்ஜீனியாக்காரர் ஒருவர், பென்சில்வேனியாவில் இருந்த மாமாவுக்காக இதே கிளாக் 19 வாங்கினார். மாமா 400 டாலருக்குக் கொடுத்த காசோலையிலேயே துப்பாக்கியின் பெயர் எழுதியிருந்தது. இருவருமே சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியுள்ளவர்கள், மாமாவின் கைக்கும் அது பென்சில்வேனியாவில் ஒரு லைசென்ஸ் கடை மூலமாகத்தான் போனது, அப்படியிருந்தும் 2014-ல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் தண்டனையை உறுதி செய்துவிட்டது. 2022 சட்டத்துக்குப் பிறகு, தகுதியில்லாதவருக்காக இப்படி வாங்கிக் கொடுத்தால் 15 வருடம் வரை போகலாம்.

அப்புறம் நியூஜெர்சி. அண்ணனிடம் துப்பாக்கியை உடன் எடுத்துச்செல்லும் பென்சில்வேனியா லைசென்ஸ் இருந்தாலும் இங்கே செல்லாது. நியூஜெர்சியில் அப்படி எடுத்துச்செல்லும் பெர்மிட் இல்லாமல் கைத்துப்பாக்கியோடு பிடிபட்டால், பரோலுக்கு முன் குறைந்தது 42 மாதம் உள்ளே இருக்க வேண்டிய சட்டம் இது. பென்சில்வேனியாவில் விற்கும் கிளாக் 19-உடன் வருவது பெரும்பாலும் 15 தோட்டா பிடிக்கும் மேகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி), நியூஜெர்சியில் பத்துக்கு மேல் கூடாது. மேகசின் மட்டுமே தனி வழக்கு.

சரி, வேறு வழி? இருக்கிறது. நியூஜெர்சியிலேயே, உங்கள் பெயரில், உங்கள் பணத்தில் வாங்குங்கள். கிரீன் கார்டு தடையில்லை. உள்ளூர் போலீஸில் விண்ணப்பித்து, கைவிரல் ரேகை கொடுத்து, கைத்துப்பாக்கி வாங்குவதற்கான பெர்மிட் எடுக்க வேண்டும், ஒரு துப்பாக்கிக்கு ஒரு பெர்மிட், 90 நாள் செல்லும். கடையிலிருந்து கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். அண்ணன் ஏற்கெனவே தனக்காக வாங்கி வைத்திருப்பதைத் தர நினைத்தால், அது அவர் ஊர்க் கடையிலிருந்து உங்கள் ஊர்க் கடைக்கு வரட்டும், பெர்மிட்டைக் காட்டி, பின்னணிச் சோதனை முடிந்ததும் வாங்கிக்கொள்ளலாம்.

நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். மனைவி எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருக்கும்வரை, வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் தவிர, துப்பாக்கியோ தோட்டாவோ அவர் வசம் இருக்கவே கூடாது, அவருடைய குடியேற்ற நிலைக்கே ஆபத்து. படுக்கையறை அலமாரியில் இருவரும் திறக்கும்படி வைப்பது சரிவராது. நம்பர் பூட்டுள்ள பெட்டியில் வையுங்கள், அந்த நம்பர் உங்களுக்கு மட்டும் தெரியட்டும்.

அண்ணன் ஏற்கெனவே வாங்கிவிட்டார் என்றால், எதையும் வாட்ஸ்அப்பில் எழுதாமல், துப்பாக்கியை எங்கும் நகர்த்தாமல், பென்சில்வேனியாவில் ஒரு குற்றவியல் வழக்கறிஞரை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.