பேராக்குக்குள் பினாங்கு மாவட்டங்கள்!

கேள்வி: டியூஷன் வகுப்புப் பதிவுக்கு இணையப் பாரம் ஒன்று செய்திருக்கிறேன். மலேசிய மாநிலம் ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும் அதன் மாவட்டப் பட்டியல் சர்வரிலிருந்து வரும். சில வேளைகளில் பேராக்கைத் தேர்ந்தெடுத்தால் பினாங்கு மாவட்டங்கள் வந்து நிற்கின்றன. பழைய பதிவைத் திருத்தத் திறந்தால் மாவட்டம் காலியாக இருக்கிறது. ஏன்?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: இவை இரண்டும் தனித்தனிக் கோளாறுகள்.

பினாங்கைத் தொட்டவர் உடனே பேராக்குக்கு மாறினால் சர்வருக்கு இரண்டு கோரிக்கைகள் போகும். முதலில் போனதுதான் முதலில் திரும்பும் என்பதற்கு உத்தரவாதமில்லை. பினாங்கின் பதில் தாமதமாக வந்தால் பேராக் பட்டியலை அழித்துவிட்டு உட்கார்ந்துகொள்ளும். பதில் வந்ததும், அது எந்த மாநிலத்துக்குரியது என்று பாரத்தில் அப்போதுள்ள மாநிலத்தோடு ஒப்பிடுங்கள், பொருந்தாவிட்டால் தள்ளிவிடுங்கள். மாநிலம் மாறிய நொடியே பழைய மாவட்டங்களையும் அழித்துவிட வேண்டும்.

உண்மையில் இதற்கு சர்வரே தேவையில்லை. பினாங்குக்கு 5 மாவட்டங்கள்தாம். நாடு முழுவதற்குமான பட்டியலும் சில கிலோபைட்டுக்குள் அடங்கும். பக்கத்தோடு ஜேசன் (JSON) என்ற தரவு வடிவில் அனுப்பிவிட்டால் இந்தக் கோளாறுக்கே இடமில்லை. பள்ளிப் பெயர்கள் போன்ற நீண்ட பட்டியலுக்கு மட்டும் சர்வரைக் கேளுங்கள்.

திருத்தும்போது காலியாவது வரிசைப் பிழை. பட்டியல் நிரம்பும் முன்பே மாவட்டத்தைப் பொருத்தினால், பொருந்தும் ஆப்ஷன் இல்லாததால் பெட்டி வெறுமையாகிவிடும். போதாததற்கு, ஜாவாஸ்கிரிப்ட் வழியே மாநிலத்தை மாற்றினால் தேர்வு மாறியதை அறிவிக்கும் ‘சேஞ்ச்’ நிகழ்வு தானாக எழாது. ஆகவே மாநிலத்தைப் பொருத்தி, பட்டியல் நிரப்பும் ஃபங்ஷனை நீங்களே அழைத்து, அது முடிந்தபின் மாவட்டத்தைப் பொருத்துங்கள்.

பெர்லிஸை மறந்துவிடாதீர்கள். அங்கே மாவட்டங்களே கிடையாது. மாவட்டம் கட்டாயம் என்று வைத்திருந்தால் கங்காரில் இருப்பவர் பாரத்தை அனுப்பவே முடியாது. புத்ராஜெயா, லாபுவானுக்கும் இதே நிலை. அங்கெல்லாம் பெட்டியை மறைப்பதோடு ‘ரிக்கொயர்ட்’ நிபந்தனையையும் நீக்குங்கள். ‘டிசேபிள்’ செய்து முடக்கிய பெட்டியின் மதிப்பு சர்வருக்குப் போகாது என்பதும் நினைவிருக்கட்டும். அனுப்பப்பட்ட மாவட்டம் அந்த மாநிலத்தைச் சேர்ந்ததா என்று சர்வரிலும் சரிபார்க்க வேண்டும். பிரவுசரில் செய்யும் சோதனையை யாரும் தாண்டிவிடலாம்.

கேள்வி: அலோர் ஸ்டார் வாடிக்கையாளர்களின் அஞ்சல் குறியீடு 4 இலக்கமாகப் பதிவாகிறது. பாரத்தில் தவறா?
– வாசகி, செந்தூல்

பதில்: டேட்டாபேஸைப் பாருங்கள். அந்தக் கட்டம் எண் வகையாக இருந்தால் 05000 என்பது 5000 ஆகிவிடும். எழுத்து வகைக்கு மாற்றுங்கள். அங்கே சரியாக இருந்தால் சந்தேகம் எக்செல் மீது: சிஎஸ்வி (CSV, காற்புள்ளியால் பிரித்த தரவு) கோப்பை நேரடியாகத் திறந்தால் முன்னால் உள்ள பூஜ்யத்தை அதுவும் விழுங்கும்.