தாமான் நெகாராவில் பாத்தேக் மக்களுக்கு என்ன பங்கு?

செந்தூலில் நடைப்பயணக் குழு நடத்தும் வாசகர் கேட்கிறார்: "பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைத் தாமான் நெகாரா தேசியப் பூங்காவின் வாசலான கோலா தஹானுக்கு அழைத்துப் போகிறோம். பேக்கேஜில் பாத்தேக் பூர்வகுடிகளின் கிராமமும் உண்டு. பூங்காவை நடத்துவதில் அந்த மக்களுக்குப் பங்கு இருக்கிறதா? நாங்கள் போவது நல்லதா?"

வேலையில் பங்கு உண்டு. முடிவெடுப்பதில் போதாது என்பது என் கருத்து. 1938, 39-இல் மூன்று மாநிலங்களின் காட்டைச் சேர்த்துப் பூங்கா அமைத்தபோது, பாத்தேக் மக்கள் ஏற்கெனவே அங்கு வாழ்ந்துகொண்டிருந்தார்கள். இன்று நிர்வாகம் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறையான பெர்ஹிலித்தானின் கையில். 2010 வனவிலங்குச் சட்டத்தின் 51ஆம் பிரிவு, காட்டுப்பன்றி, சருகுமான் போன்ற சிலவற்றைக் குடும்பத்தின் உணவுக்காக வேட்டையாட, பாத்தேக் உள்ளிட்ட பூர்வகுடிகளான ஓராங் அஸ்லிகளை அனுமதிக்கிறது. விற்கக் கூடாது. அதனால் யாராவது காட்டு இறைச்சி விற்க வந்தால் வாங்காதீர்கள், அவர்கள் மாட்டிக்கொள்வார்கள்.

புலிகளைக் காக்கும் ரோந்தில் ஓராங் அஸ்லிகளையும் சேர்த்திருக்கிறார்கள். மனமார வரவேற்கிறேன். தடம் பார்த்தே விலங்கைச் சொல்லும் கண்கள் அவர்களுடையவை. ஆனால் ரோந்து போகிறவருக்கு, எந்தப் பாதையை மூடுவது என்று சொல்லவும் உரிமை வேண்டும்.

அது நடக்காத காரியமல்ல. ஆஸ்திரேலியாவின் உலுருவில் 1985-இல் பூங்கா நிலத்தை அங்குள்ள பூர்வகுடிகளான அனாங்கு மக்களிடமே திருப்பிக் கொடுத்தார்கள். அவர்கள் அதை 99 ஆண்டுக் குத்தகைக்கு அரசிடம் விட்டார்கள். பூங்கா வாரியத்தின் 12 பேரில் 8 பேர் அனாங்குகள். தங்கள் புனிதப் பாறையான உலுருவில் யாரும் ஏறக் கூடாது என்று அவர்கள் நெடுங்காலம் கேட்டுவந்தார்கள். 2017-இல் வாரியம் முடிவெடுத்தது. 2019 அக்டோபர் 26-இல் ஏறும் பாதை மூடப்பட்டது. சுற்றுலா வருமானத்தையும் மீறி அவர்கள் சொல் நின்றது. கனடாவின் குவாய் ஹானாஸ் பூங்காவில் 1993 முதல் அங்குள்ள பூர்வகுடிகளான ஹைடா மக்களும் அரசும் சம எண்ணிக்கையில் அமர்ந்து முடிவெடுக்கிறார்கள்.

இனி உங்கள் பயணம். பணம் கட்டுமுன் ஏஜெண்டிடம் கேளுங்கள்: கிராமத்துக்கு எத்தனை ரிங்கிட் போகிறது, யார் கையில் கொடுக்கிறீர்கள், நாங்கள் வரும் நாளைக் கிராமத்தார் ஒப்புக்கொண்டார்களா? மழுப்பினால் வேறு ஏஜெண்டைப் பாருங்கள். ஊரில் இறப்பு நேர்ந்தால் பாத்தேக் மக்கள் இடம் மாறிவிடுவது வழக்கம். அப்போது பயணத்தைத் தள்ளிவையுங்கள், பணத்தைத் திருப்பிக் கேட்டு நச்சரிக்க வேண்டாம். கேட்காமல் குழந்தைகளைப் படம் எடுக்காதீர்கள். சும்பிட் (அம்பு ஊதும் வேட்டைக் குழாய்) ஊதிக் காட்டுவதோடு நிறுத்தாமல், காட்டுக்குள் ஒரு மணி நேரம் வழிகாட்டியாக வரச் சொல்லி, அதற்குத் தனியாகக் கூலி கொடுங்கள்.