மேலாளருக்கும் சூப்பர்வைசருக்கும் ஓவர்டைம் உண்டா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஓசூரில் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருக்கிறேன். மாதம் 30,000 ரூபாய். அடிக்கடி ஷிப்ட் முடிந்தும் நிற்க வேண்டியிருக்கிறது. "நீங்கள் ஸ்டாஃப், ஓ.டி. (ஓவர்டைம்) கிடையாது" என்கிறார் எச்.ஆர். அதிகாரி. சரியா?

அவர் சொன்ன காரணம் சரியல்ல. 'ஸ்டாஃப்', 'ஒர்க்கர்' என்பது கம்பெனி வைத்துக்கொண்ட பிரிவு. சட்டம் பார்ப்பது நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள், எவ்வளவு ஊதியம் வாங்குகிறீர்கள் என்பதைத்தான்.

2025 நவம்பர் 21 முதல் தொழிற்சாலைச் சட்டத்தின் இடத்தில் தொழில் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணி நிலைமைகள் தொகுப்பு, 2020 என்ற புதிய சட்டம் நடைமுறையில் இருக்கிறது. இதன்படி ஓவர்டைம் உரிமை 'தொழிலாளி'க்குத்தான்; நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர் தொழிலாளி ஆகமாட்டார். சூப்பர்வைசர் விஷயம் வேறு. அவருடைய மாத ஊதியம் 18,000 ரூபாயைத் தாண்டினால்தான் அவர் தொழிலாளி என்ற வரையறையிலிருந்து வெளியேறுகிறார்.

30,000 வாங்குகிறேனே என்று உடனே சோர்ந்துவிடாதீர்கள். இந்த 18,000 என்பது கையில் வாங்கும் மொத்தப் பணம் அல்ல, சட்டம் சொல்லும் 'ஊதியம்'. பேசிக் (அடிப்படைச் சம்பளம்), பஞ்சப்படி இரண்டும் அதில் சேரும். வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி போன்றவை சேராது. ஆனால் சேராத படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை திரும்ப ஊதியத்தில் சேர்ந்துவிடும்.

உங்கள் பே ஸ்லிப்பில் பேசிக்கும் பஞ்சப்படியும் 12,000, வீட்டு வாடகைப்படி 12,000, போக்குவரத்துப்படி 6,000 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். படிகள் 18,000, மொத்தத்தில் பாதி 15,000. மிஞ்சும் 3,000 பேசிக்கோடு சேர, உங்கள் ஊதியம் 15,000. வரம்புக்குள்தான் இருக்கிறீர்கள், ஓவர்டைமுக்கு இரட்டிப்பு வீதம் உண்டு. வழக்கமான கணக்குப்படி 15,000-ஐ மாதத்தின் 26 வேலை நாட்களால் வகுத்து, அதை நாளின் 8 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 72 ரூபாய் 12 காசு. இரட்டிப்பு 144 ரூபாய் 23 காசு. மாதம் 20 மணி நேரம் கூடுதலாக நின்றிருந்தால் சுமார் 2,885 ரூபாய் வர வேண்டும்.

பே ஸ்லிப்பில் 'ஸ்பெஷல் அலவன்ஸ்' என்று ஒரு வரி இருந்தால் கவனியுங்கள். சட்டம் விலக்கிவைத்த படிகளில் அந்தப் பெயர் இல்லை. அது ஊதியத்தில் சேர்க்கப்பட்டு, உங்களை 18,000-க்கு மேலே தள்ளிவிடலாம்.

2025 நவம்பர் 21-க்கு முந்தைய பாக்கிக்குப் பழைய சட்டம்தான் அளவுகோல். தொழிற்சாலைச் சட்டம் 64-ஆம் பிரிவு சூப்பர்வைசர்களுக்கு வேலை நேர விதிகளிலிருந்து விலக்கு அளித்தாலும், ஊதியம் வழங்கல் சட்டத்தின் வரம்புக்குள் (2017 முதல் மாதம் 24,000 ரூபாய்) வாங்குபவருக்கு ஓவர்டைம் உரிமையை விட்டுவைத்தது. பல கம்பெனிகள் விலக்கை மட்டும் படித்துவிட்டு இந்த வரியைத் தாண்டிப் போய்விட்டன.

கேள்வி: பதவி உயர்வில் 'அசிஸ்டன்ட் மேனேஜர்' ஆக்கினார்கள். செய்வது அதே ஸ்டாக் பதிவும் டிஸ்பேட்சும்தான். என் கீழ் யாரும் இல்லை. ஓ.டி. மட்டும் நின்றுபோனது.

விசிட்டிங் கார்டில் என்ன எழுதியிருந்தாலும் அது உங்களை மேலாளர் ஆக்காது. முதன்மையாக என்ன வேலை செய்கிறீர்கள் என்பதே கேள்வி என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. 1988-இல் நேஷனல் இன்ஜினியரிங் இண்டஸ்ட்ரீஸ் வழக்கில், கணக்குகளைச் சரிபார்த்து நிர்வாகத்துக்கு அறிக்கை தந்த உள் தணிக்கையாளர் தொழிலாளியே என்று முடிவானது. கம்பெனி சார்பில் தானாக முடிவெடுத்து, அந்த முடிவுக்குக் கம்பெனியைப் பொறுப்பாக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை என்பதே காரணம். அது தொழில் தகராறுச் சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பு. ஆனாலும் வேலையின் தன்மையை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதற்கு இன்றும் நல்ல வழிகாட்டி.

நீங்களே சோதித்துப் பாருங்கள். யாருக்காவது லீவு அனுமதிக்க முடியுமா? மெமோ கொடுக்க முடியுமா? மேலே கேட்காமல் செலவுக்குக் கையெழுத்திட முடியுமா? மூன்றுக்கும் 'இல்லை' என்றால் உங்கள் பக்கம் வலுவாக இருக்கிறது. ஒவ்வொரு சிறு முடிவுக்கும் மேலிடத்தில் அனுமதி கேட்டு அனுப்பிய மின்னஞ்சல்களை எடுத்து வையுங்கள். நியமனக் கடிதத்தைவிட அவை அதிகம் பேசும்.

கேள்வி: சென்னையில் துணிக்கடை ஷோரூமில் ஃப்ளோர் சூப்பர்வைசர். எங்களுக்கு?

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 நிர்வாகப் பொறுப்பில் இருப்பவரை மட்டுமே விலக்குகிறது. சூப்பர்வைசருக்கு அதில் சம்பள வரம்பு கிடையாது. ஒரு நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி; அதற்கு மேல் இரட்டிப்பு ஊதியம். ஓவர்டைம் சேர்த்தாலும் ஒரு நாளில் 10 மணி, வாரத்தில் 54 மணியைத் தாண்டக் கூடாது.

கேள்வி: "சம்பளத்திலேயே ஓவர்டைம் அடங்கும்" என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இனி கேட்க முடியுமா?

முடியும். ஊதியத் தொகுப்பு, 2019-இன்படி உங்களுக்குச் சேர வேண்டிய தொகையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. காம்ப்-ஆஃப் (வேலை செய்ததற்கு ஈடான விடுமுறை) கொடுத்துவிட்டோம் என்ற பதிலையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. வார விடுமுறையில் வேலை வாங்கினால் மாற்று விடுமுறை தருவது தனிக் கடமை. கூடுதல் மணி நேரத்துக்கான பணம் அதனால் தீர்ந்துவிடாது.

முதலில் எழுத்தில் கேளுங்கள்: தேதி, உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம், கூடுதல் மணி, தொகை என்று அட்டவணை போட்டு, மின்னஞ்சலிலோ பதிவுத் தபாலிலோ. பயோமெட்ரிக் பதிவை மாதாமாதம் படம் எடுத்து வையுங்கள். வேலையை விட்ட மறுநாளே உங்கள் லாகின் முடக்கப்படும், பிறகு பதிவு கைக்கு வராது. மனுக்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். தங்கச் சொன்னது யார் என்ற கேள்வியும் வரும். மேலதிகாரியின் ஒரு வரி வாட்ஸ்அப் செய்தி அதற்குப் போதுமான சான்றாகலாம்.

பதில் வராவிட்டால் தொழிலாளர் துறையில் ஊதியத் தொகுப்பின் 45-ஆம் பிரிவில் மனு கொடுக்கலாம். காலக்கெடு 3 ஆண்டுகள். பாக்கியோடு, அதைப்போல் 10 மடங்கு வரை இழப்பீடு விதிக்க அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. பணம் கொடுத்துவிட்டோம் என்று நிரூபிக்கும் பொறுப்பும் முதலாளியுடையதே. தொழிற்சங்கமும் உங்களுக்காக மனு போடலாம். இன்னும் அதே இடத்தில் வேலை செய்கிறவர்களுக்கு அந்த வழிதான் பாதுகாப்பானது.